ஒரு வழி அடைத்தால் மறு வழி: சங்க அலுவலகத்துக்கு இரண்டாவது இணைய இணைப்பு

(மீள்குடியேறிய கிராமங்களின் சங்கச் செயலாளர்கள், பொருளாளர்களுக்கான தகவல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வலிகாமம் வடக்கு, கேப்பாப்புலவு, முசலி, சம்பூர் என்று எந்த இடத்துக்கு மக்கள் திரும்பினாலும் முதலில் கேட்பது வீடு, கிணறு, பாதை, மின்சாரம். அவை ஓரளவுக்கு வந்த பிறகு கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் எல்லாம் மீண்டும் இயங்கத் தொடங்குகின்றன. ஒரு சிறிய அறை, ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, ஓர் இணைய இணைப்பு. அந்த அறைக்கு இரண்டாவது இணைய இணைப்பு ஒன்றை எப்படி ஏற்பாடு செய்வது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

"இருக்கிற ஒன்றுக்கே மாதக் காசு கட்டக் கஷ்டமாக இருக்கிறது, இரண்டாவது எதற்கு?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் சங்க அறையில் இப்போது என்னென்ன நடக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அஸ்வெசும மேன்முறையீடு, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றும் பிள்ளையின் விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு, பிரதேச செயலகம் கேட்கும் பயனாளிகள் பட்டியல், அத்திவாரம் போட்ட வீட்டின் படம். இவை பெரும்பாலும் இணையத்தின் வழியாகவே போகின்றன. ஒவ்வொன்றுக்கும் முடிவுத் திகதி இருக்கிறது. திகதி முடிந்த பிறகு, "அன்றைக்கு எங்கள் ஊரில் லைன் இல்லை" என்று சொன்னால் கேட்பதற்கு அந்தப் பக்கத்தில் ஆள் இருக்காது. பல வருடம் முகாமிலும் உறவினர் வீட்டிலும் காத்திருந்த ஒரு குடும்பம், ஒரு பின்னேரம் இணையம் நின்ற காரணத்தால் அடுத்த சுற்று வரைக்கும் காத்திருக்கும்படி ஆகக் கூடாது. இரண்டாவது இணைப்பு அதற்காகத்தான். அதற்குப் பெரிய செலவும் தேவையில்லை.

எங்கே அறுகிறது?

முதலில் வழியைத் தெரிந்துகொள்வோம். நீங்கள் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தியதும் செய்தி எப்படிப் போகிறது? கணினியிலிருந்து ரவுட்டருக்கு. ரவுட்டரிலிருந்து வீதியில் போகும் கம்பிக்கு, அல்லது காற்றின் வழியாக டவருக்கு. அங்கிருந்து தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்புக்கு. வெளிநாட்டுத் தளம் என்றால் அதற்குப் பிறகு கடலடிக் கேபிளுக்கு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கதை ஒன்றுதான், இணையம் இல்லை.

பெரிய இடங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2004 ஆகஸ்ட் மாதம் கொழும்புத் துறைமுகப் பக்கத்தில் ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளை அறுத்துவிட்டது. அன்றைக்கு நாட்டுக்கு இருந்த பிரதான வழி அது ஒன்றுதான். நாட்டின் இணையத்தில் பெரும்பகுதி தடைப்பட்டது. அதற்குப் பிறகு வேறு கேபிள்கள் வந்தன. எல்லாவற்றையும் ஒரே கரையில் ஏற்றவில்லை. கல்கிசையிலும் மாத்தறையிலும் கூட ஏற்றினார்கள். ஓரிடத்தில் அறுந்தால் இன்னோரிடம் தாங்கும் என்பதுதான் அதன் பயன். நாடு தனக்குச் செய்ததையே உங்கள் சங்க அறைக்கும் செய்யுங்கள் என்கிறேன்.

இதிலிருந்து ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வழி, முதலாவது வழியோடு எதையும் பங்கு போடக் கூடாது. கம்பி, டவர், நிறுவனம், மின்சாரம், கட்டணம் கட்டும் ஆள், கடவுச்சொல் தெரிந்த ஆள், எல்லாம் முடிந்தவரை வேறாக இருக்க வேண்டும். பங்கு போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் விழும். இரண்டுக்கும் காசு கட்டிவிட்டு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள்.

பெயர் இரண்டு, வழி ஒன்று

கடையில் சிம் வாங்கும்போதே கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன.

டயலொக் ஒன்று, எயார்டெல் ஒன்று என்று இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 2024 ஜூனில் எயார்டெல் லங்கா டயலொக்கோடு இணைந்துவிட்டது. ஆகவே உங்கள் கையில் இருப்பது இரண்டு அட்டை, நிறுவனம் ஒன்று. அதேபோல ஸ்ரீ லங்கா டெலிகொம் வீட்டு இணைப்பும் மொபிடெல் சிம்மும் ஒரே குழுமம். அறைக்கு டெலிகொம் லைன் இருந்தால் இரண்டாவதாக டயலொக் அல்லது ஹட்ச் சிம் எடுங்கள். டயலொக் ரவுட்டர் இருந்தால் இரண்டாவதாக மொபிடெல் அல்லது ஹட்ச் எடுங்கள்.

அடுத்தது டவர். வேறு வேறு நிறுவனங்கள் ஒரே டவரில் தங்கள் கருவிகளைப் பூட்டியிருப்பது நம் நாட்டில் சாதாரணம். உங்கள் ஊரில் ஒரே ஒரு டவர்தான் தெரிகிறது என்றால், இரண்டு நிறுவனத்தின் சிம்மும் அதே டவரில் தொங்கிக்கொண்டிருக்கலாம். அதனால் கம்பி இணைப்பு கிடைக்கிற ஊரில் ஒன்று கம்பியாகவும் மற்றது சிம்மாகவும் இருப்பது நல்லது. கம்பி கிடைக்காத ஊரில் இரண்டு நிறுவனத்து சிம். 2025 ஜூலையிலிருந்து ஸ்டார்லிங் செய்மதி இணையமும் இலங்கையில் கிடைக்கிறது. அது டவரையோ வீதிக் கம்பியையோ நம்பியிருக்கவில்லை. ஆனால் கருவிக்கும் மாதக் கட்டணத்துக்கும் ஆகும் செலவு ஒரு சிறிய சங்கத்துக்குப் பாரம். பக்கத்துக் கிராமச் சங்கங்கள் சேர்ந்து யோசிக்கக் கூடிய விடயம் அது.

சிம் வாங்க முன்பு சோதனை செய்யுங்கள். எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாக இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்பதை விட, அந்த சிம் வைத்திருக்கும் ஓர் உறுப்பினரைத் தொலைபேசியோடு அறைக்கு வரச் சொல்லுங்கள். காலையில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை, இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரவில் ஊர் முழுக்கப் பாவிக்கும்போது வேகம் குறையும். அந்த நேரத்திலும் ஒரு படிவம் போகுமா என்பதே உங்களுக்குத் தேவையான விடை. தகரக் கூரை சிக்னலைத் தடுக்கும். சிம் ரவுட்டரை அறையின் நடுவில் வைக்காமல், டவர் இருக்கும் பக்கத்து யன்னலோரம் உயரமாக வையுங்கள். அந்த மாற்றமே பல நேரம் போதும்.

கையால் மாற்றுவதா, தானாக மாறுவதா?

தானாக மாறும் ரவுட்டர்கள் கடைகளில் இருக்கின்றன. ஒரு பக்கம் கம்பி, மறுபக்கம் சிம். கம்பி நின்றால் சிம்முக்குத் தாவும், கம்பி வந்ததும் திரும்பி வரும். அப்படி ஒன்று வாங்குவதாக இருந்தால் ஒரு விடயத்தைக் கேட்டு வாங்குங்கள். சில ரவுட்டர்கள் கம்பி செருகியிருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். கம்பி செருகியபடியே இருக்கும், விளக்கும் எரியும், ஆனால் வீதியின் அந்தப் பக்கத்தில் லைன் செத்திருக்கும். ரவுட்டர் அது தெரியாமல் சும்மா இருக்கும். வெளியே இருக்கும் ஒரு முகவரியை இடைக்கிடை தட்டிப் பார்த்து, பதில் வராவிட்டால் தாவுகின்ற ரவுட்டரே உங்களுக்கு உதவும்.

ஆனால் ஒரு மடிக்கணினியும் இரண்டு தொலைபேசியும் உள்ள சங்க அறைக்கு அவ்வளவு தேவையில்லை. ஐந்து நிமிடத்தில் கையால் மாற்றத் தெரிந்தால் போதும். அதற்கு இரண்டு முறை உண்டு.

முதலாவது, தொலைபேசியின் ஹொட்ஸ்பொட். இரண்டாவது சிம் போட்ட ஒரு தொலைபேசியில் ஹொட்ஸ்பொட்டைத் திறந்து, கணினியை அதோடு இணைப்பது. புதிதாகக் கருவி வாங்கத் தேவையில்லை. தொலைபேசியைச் சார்ஜில் போட்டபடி வேலை செய்யுங்கள், ஹொட்ஸ்பொட் பற்றரியைச் சீக்கிரம் இறக்கிவிடும்.

இரண்டாவது, சிம் போடும் சிறிய ரவுட்டர். இதை வாங்கியதும், முதலாவது ரவுட்டருக்கு உள்ள வைபை பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே இதற்கும் வைத்துவிடுங்கள். பிரதான லைன் நின்றால் முதலாவதை அணைத்து இரண்டாவதைப் போடுங்கள். கணினியும் தொலைபேசிகளும் ஒன்றும் கேட்காமல் தாமாகவே இணைந்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். போட்டால் கருவிகள் எதோடு இணைந்திருக்கின்றன என்று தெரியாமல் குழம்புவீர்கள்.

மின்சாரம் போனால்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுக்க மின்சாரம் போனது. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று சொன்னார்கள். அதே வருடம் நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது பல மாவட்டங்களில் மின்சாரமும் தொலைபேசியும் சேர்ந்தே நின்றன. இந்த நாட்களில் இரண்டு சிம் இருந்தும் ரவுட்டர் எரியாவிட்டால் பயனில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், ரவுட்டர் மிகக் குறைந்த மின்சாரம் குடிக்கும் பொருள். பெரும்பாலானவை ஏறத்தாழ 10 வாற்றுக்குள் ஓடும். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்றில் கணக்குப்படி 84 வாற்று-மணி மின்சாரம் இருக்கிறது. முழுவதையும் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. என்றாலும் நல்ல பற்றரி நான்கு மணி நேரமளவில் ரவுட்டரைத் தாங்கும். இதற்கென்றே ரவுட்டர் யூ.பி.எஸ். என்று சிறிய பெட்டிகள் விற்கிறார்கள். வாங்க முன்பு உங்கள் ரவுட்டரின் அடப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட் என்று இருக்கும், சிலவற்றில் 9 அல்லது 5 என்று இருக்கும். அந்த எண் பொருந்த வேண்டும். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட்டைக் கொடுத்தால் அது எரிந்துவிடலாம். பற்றரியை நேரடியாகப் பூட்டுவதாக இருந்தால் மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு பியூஸ் வைத்துப் பூட்டுங்கள்.

டவருக்கும் மின்சாரம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். டவர்களில் பற்றரி உண்டு, சிலவற்றில் ஜெனரேட்டரும் உண்டு. ஆனால் பற்றரி சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆகவே நீண்ட மின்வெட்டு என்று தெரிந்தால், அனுப்ப வேண்டியதை முதல் மணி நேரத்திலேயே அனுப்பி முடியுங்கள். "கரண்ட் வந்த பிறகு பார்ப்போம்" என்று இருந்தால் டவரும் நின்றிருக்கும்.

இடி மின்னலைப் பற்றியும் ஒரு சொல். சித்திரை மாதத்துப் பின்னேரங்களிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மின்னல் கடுமையாக இருக்கும். செப்புக் கம்பித் தொலைபேசி லைன் மின்னலை நேரே ரவுட்டருக்குள் கொண்டுவந்துவிடும். இடி கேட்டால் அந்தக் கம்பியையும் மின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். பைபர் கம்பி மின்சாரம் கடத்தாது, ஆனால் அதன் ரவுட்டரும் பிளக்கில்தான் இருக்கிறது. அதையும் கழற்ற வேண்டும். அந்த நேரத்து வேலைக்குத் தொலைபேசி ஹொட்ஸ்பொட் போதும்.

சிம் யாருடைய பெயரில்?

இது தொழில்நுட்பம் இல்லை, ஆனால் பல சங்கங்கள் சிக்குவது இங்கேதான். சிம் எடுக்க அடையாள அட்டை வேண்டும். அன்றைக்குச் செயலாளராக இருந்தவரின் பெயரில் எடுப்பார்கள். அடுத்த வருடம் நிருவாகம் மாறும், அல்லது அவர் வெளிநாடு போய்விடுவார். சிம் தொலைந்தால் மாற்று சிம் எடுக்கவும் அவரே வர வேண்டும். இந்தியாவிலிருந்து திரும்பி இன்னும் அடையாள அட்டை கிடைக்காத குடும்பங்கள் அதிகம் உள்ள ஊரில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். சங்கப் பதிவுச் சான்றிதழோடு சங்கத்தின் பெயரிலேயே எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாவிட்டால் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதைக் கூட்ட அறிக்கையில் எழுதி வையுங்கள். நிருவாகம் மாறும் நாளிலேயே சிம்மையும் கைமாற்றுங்கள்.

முற்கொடுப்பனவு சிம் என்றால் நீண்ட நாள் பாவிக்காமலும் ரீலோட் செய்யாமலும் விட்டால் அது செயலிழந்துவிடும். தேவைப்படும் நாளில் எடுத்துப் போட்டால் வேலை செய்யாது. மாதம் ஒருமுறை சிறிய தொகைக்கு ரீலோட் செய்வதைப் பொருளாளரின் வேலையாக எழுதிக்கொள்ளுங்கள். பிரதான லைனுக்குக் கட்டணம் கட்டுபவரும் இந்த ரீலோட் செய்பவரும் வேறு ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் மறந்தாலும் மற்றது உயிரோடு இருக்கும்.

இரண்டாவது வழியைச் சிக்கனமாகப் பாவியுங்கள்

மறு வழியில் டேட்டா குறைவு. அதில் வீடியோ வேண்டாம், கணினியின் தானியங்கிப் புதுப்பிப்பும் வேண்டாம். விண்டோஸ் கணினியில் அந்த வைபையை அளவிடப்பட்ட இணைப்பு என்று குறித்துவிட்டால் பெரிய புதுப்பிப்புகள் தாமாக இறங்குவது பெரும்பாலும் நிற்கும். தொலைபேசியில் எடுத்த ஒரு படம் 3 எம்பி என்று வைத்தால் ஒரு ஜீபியில் 300 படத்துக்கு மேல் அனுப்பலாம். அதே ஒரு ஜீபி, இரண்டொரு மணி நேர வீடியோக் கூட்டத்தில் கரைந்துவிடும். ஆகவே படிவமும் மின்னஞ்சலும் முதலில். மற்றவை லைன் வந்த பிறகு.

கடைசி வழி

இரண்டும் நின்றால்? புயல் நாளில் அப்படியும் நடக்கும். அதற்கும் ஒரு வழியை இன்றைக்கே எழுதி வையுங்கள். அனுப்ப வேண்டிய கோவைகள் எப்போதும் ஒரு பென் டிரைவிலும் இருக்கட்டும். டவுனில் எந்தக் கொமினிகேசன் கடையில் இணையம் உண்டு, எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், கடைசி பஸ் எப்போது என்று தெரிந்து வைத்திருங்கள். அங்கே வேலை முடிந்ததும் மின்னஞ்சலிலிருந்து வெளியேறி, அந்தக் கணினியில் இறக்கிய அடையாள அட்டை, காணிப் பத்திரப் படங்களை அழித்துவிட்டு வாருங்கள். அவை மக்கள் உங்களை நம்பித் தந்த பத்திரங்கள். பயனாளிகள் பட்டியலின் அச்சுப் பிரதி ஒன்று, கிராம உத்தியோகத்தரிடம் கையில் கொடுக்கக் கூடியதாக, கோவையில் இருக்கட்டும். முடிவுத் திகதிக்கு மூன்று நாள் முன்னமே அனுப்பும் பழக்கம் இருந்தால் இந்தக் கடைசி வழிக்குத் தேவையே வராமல் போகலாம்.

பழகிப் பாருங்கள்

சோதித்துப் பார்க்காத இரண்டாவது வழியை நம்ப வேண்டாம். மாதம் ஒருமுறை, கூட்டம் நடக்கும் நாளில், பிரதான ரவுட்டரை வேண்டுமென்றே அணையுங்கள். கணினி தெரிந்த தம்பி ஒதுங்கி இருக்கட்டும். மாதர் சங்கப் பொருளாளர் அக்காவை மாற்றச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு அதை எளிதாக்குங்கள். ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால், அவர் கடலுக்குப் போன நாளில் சங்கமும் நின்றுவிடும்.

சுவரில் ஒட்டுவதற்கு ஓர் அட்டை எழுதுங்கள். பெரிய எழுத்தில், தமிழில், இப்படி:

1. இணையம் இல்லையா? முதலில் ரவுட்டருக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்கவும்.
2. ரவுட்டரை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, மீண்டும் போடவும். ஐந்து நிமிடம் காத்திருக்கவும்.
3. வரவில்லையா? பிரதான ரவுட்டரை அணைத்து, அலுமாரி மேல் தட்டில் உள்ள சிம் ரவுட்டரைப் போடவும்.
4. அதுவும் இல்லையா? செயலாளரின் தொலைபேசியில் ஹொட்ஸ்பொட். அவர் இல்லாவிட்டால் பொருளாளர்.
5. முடிவுத் திகதி உள்ள வேலையை முதலில் அனுப்பவும்.
6. நின்ற நேரத்தையும் வந்த நேரத்தையும் கொப்பியில் எழுதவும்.

ஆறாவதைச் சிறிதாக நினைக்காதீர்கள். மூன்று மாதம் எழுதினால் உங்கள் லைன் எப்போது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். நிறுவனத்திடமோ, இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ முறைப்பாடு செய்யும்போது அந்தக் கொப்பி உங்களுக்காகப் பேசும். "அடிக்கடி நிற்கிறது" என்று சொல்வதற்கும் திகதியும் நேரமும் காட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு.

இன்று ஊருக்குப் போனதும் ஒரு தாளில் இரண்டு கோடு போடுங்கள். ஒன்று இப்போது உள்ள இணைப்பு, மற்றது நீங்கள் எடுக்கப்போகும் இணைப்பு. ஒவ்வொன்றிலும் கம்பி, டவர், நிறுவனம், மின்சாரம், கட்டணம் கட்டுபவர், கடவுச்சொல் தெரிந்தவர் என்று எழுதுங்கள். இரண்டு கோட்டிலும் ஒரே பெயர் வரும் இடத்தைச் சுற்றி வட்டமிடுங்கள். அந்த வட்டங்களை ஒவ்வொன்றாகக் குறைப்பதுதான் உங்கள் வேலை. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டியதில்லை. இந்த மாதம் ஒரு சிம், அடுத்த மாதம் ஒரு பற்றரி என்று போகலாம். தாளை அடுத்த அமர்வுக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.